பள்ளிக்கூடமா? பொம்மைக் கொலுவா?

நம்மவர்களிடையே ஒழிக்கப்பட வேண்டிய மூட வழக்கங்களைப் பற்றிச் சீர்திருத்தக்காரர்கள் நெடுங்காலமாக எழுதியும் பேசியும் வந்திருக்கின்றனர். சாதிப் பித்தைச் சாடினர், கள்ளுக்கடையைக் கண்டித்தனர், கலியாணத்திற்குக் கடன்படுவதைக் கடிந்தனர். அவற்றால் விளைந்த நன்மையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் எவருடைய கண்டனத்திற்கும் ஆளாகாமல், நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நடுநாயகமாக வீற்றிருக்கும் வழிபாடு ஒன்று இன்னும் உண்டு. அதற்குக் கோபுரமில்லை, கொடியேற்றமில்லை, காவடியுமில்லை. எனினும் நாள்தோறும் நம் குழந்தைகளின் உடம்பையே அது காணிக்கையாகப் பெற்றுக்கொள்கிறது. அதுதான் நாற்காலி வழிபாடு.

அன்பர்களே! இவ்வழிபாடு நம்மிடையே தோன்றிய காரணம் அறியத்தக்கதே. நம் பாட்டன்மார் பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்றவர்கள். நிரை நிரையாய் நடந்து பால்மரம் வெட்டினர். மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் சேர்த்தனர். காண்டாவில் வாளி கட்டித் தோள் காய்க்கச் சுமந்தனர். அவர்கள் கண்ணெதிரே தோட்டத்து ஆபீசில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அமர்ந்தவன் கிராணி. நின்றவன் கூலி, அமர்ந்தவன் ஐயா. இதுவே அவர்கள் கண்ட உலக நியாயம். ஆகவே தம் பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து, பேனா பிடித்துப் பிழைக்க வேண்டுமென்று அவர்கள் ஆசைப்பட்டதில் தவறேதுமில்லை. அவ்வாசையே நம்மில் பலரைப் படிக்க வைத்தது. ஆனால் காலப்போக்கில் நேர்ந்தது யாதெனில், படித்தால் நாற்காலி கிடைக்கும் என்பது போய், நாற்காலியில் அசையாதிருப்பதே படிப்பு என்றாகிவிட்டது.

கிராணி வேலை பார்க்கும் நாம் இதனை எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நாற்காலியின் மகிமையை அதில் இருப்பவனிடம் கேட்பதே முறை. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பேரேடு போய்க் கணிப்பொறி வந்துவிட்டது. லயத்திலிருந்த குடும்பங்களுள் பெரும்பாலானவை பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடியேறிவிட்டன. நாற்காலி மட்டும் அசையவில்லை. நாள் முழுவதும் அதில் அமர்ந்து எழும் முதுகு என்ன சொல்லும் என்பதை நாமறிவோம். வளர்ந்த உடம்பே முணுமுணுக்கும் இச்சுமையை ஏழு வயது உடம்பின்மேல் ஏற்றலாமோ?

கணக்கெழுதுவது நம் தொழிலாதலால், ஒரு சாதாரணப் பிள்ளையின் நாளைக் கணக்காகவே எழுதிப் பார்ப்போம். காலை 7½ மணி முதல் பகல் 1 மணி வரை வகுப்பு; அது 5½ மணி. போக வர வண்டியில் 1 மணி. பிற்பகல் டியூஷன் 2 மணி. வீட்டுப்பாடம் 1 மணி. பின்னர் தொலைக்காட்சியோ கைப்பேசியோ 2 மணி. ஆகக் கூடுதல் 11½ மணி நேரம் இருக்கை. உறக்கத்திற்கு 9 மணி கழித்தால் மீந்து நிற்பது 3½ மணி. அதிலும் குளித்தல், உண்ணல், உடுத்தல் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் பிள்ளை ஓடி ஆடுவதற்கு என்ன மிச்சம்? பள்ளி இடைவேளையும் சிற்றுண்டிச் சாலையின் வரிசையில் கரைந்துபோகிறது. இக்கணக்கைத் தங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொருவரும் எழுதிப் பார்ப்பார்களாக. சில்லறை வேறுபடலாம், இருப்பு வேறுபடாதென்றே அஞ்சுகிறோம்.

இனிப் பள்ளிக்கூடத்தின் நீதியைச் சற்று ஆராய்வோம். குற்றஞ் செய்த பிள்ளைக்கு நம் வகுப்புகளில் வழிவழியாக வந்த தண்டனைகள் யாவை? எழுந்து நில், பெஞ்சின்மேல் ஏறு, தோப்புக்கரணம் போடு, திடலை மூன்று முறை சுற்றி ஓடு. நல்ல பிள்ளைக்குரிய புகழுரை யாது? வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறான் என்பது. எழுவதும் நடப்பதும் ஓடுவதும் தண்டனை. மரக்கட்டைபோல் கிடப்பது சன்மானம்! இவ்விதியை ஆறு ஆண்டுகள் கற்ற பிள்ளை தன் ஆயுள் முழுவதும் உடம்பை அசைப்பதை அவமானமாகக் கருதினால் அதிசயமென்ன? நவராத்திரிக் கொலுவில் படிப்படியாக அடுக்கி வைக்கும் பொம்மைகள் அசையாதிருப்பது அழகுதான், அவை மண். நம் குழந்தைகள் மண்ணல்லவே!

இத்தண்டனை முறையினும் கொடிது, தேகப்பயிற்சி நேரத்தைத் திருடுவது. வாரத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க பாடவேளைகளே அதற்கு உண்டு. கணக்குப் பாடம் முடியவில்லையா? தேகப்பயிற்சியை எடுத்துக்கொள். சோதனை நெருங்குகிறதா? அதையே எடு. மழையா, வெயிலா, விழா ஒத்திகையா? அதையே எடு. கேட்பாரில்லை, ஏனெனில் பெற்றோரும் அதனைப் பாடமென்று எண்ணுவதில்லை. கணித வேளையை எடுத்துப் பந்து விளையாட விட்டிருந்தால் தலைமையாசிரியர் அறைக்கு எத்தனை பேர் படையெடுத்திருப்பர்! மலேசியக் கல்வியமைச்சு ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு விளையாட்டு என்ற கொள்கையை 2011-ஆம் ஆண்டில் வகுத்தது. கொள்கைக்குக் குறைவில்லை, அதனைக் கேட்டு வாங்கும் பெற்றோருக்கே குறைவு.

தோட்டப் பள்ளிகளின் பிறப்பையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமென்று விதித்தது. துரைமார் பலர் அதனைச் சட்டத்திற்காகச் செய்தனரேயன்றிக் கல்விக்காகச் செய்தாரில்லை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்பு. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார். அத்தனை பேரையும் ஓரிடத்தில் ஒருவர் கட்டி மேய்க்க வேண்டுமானால், கைகட்டி வாய்பொத்தி அசையாதிருக்கச் செய்வதைத் தவிர வேறு உபாயமில்லை. அது வறுமை கற்பித்த வழக்கம். இன்று மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கின்றனர். வறுமை போனபின்னும் அதன் வழக்கத்தை ஒழுக்கமென்று போற்றுவது பகுத்தறிவுக்குப் பொருந்துமா?

நெடுநேரம் அமர்ந்திருப்பது கெடுதி என்பது நேற்றுத் தோன்றிய கூற்றன்று. இத்தாலிய மருத்துவரான ரமஸ்ஸினி, 1713-இல் வெளிவந்த தமது தொழில்நோய் நூலின் விரிந்த பதிப்பிலேயே, எழுத்து வேலை செய்வோரின் நோய்களுக்கு ஓயாது அமர்ந்திருப்பதை ஒரு காரணமாக எடுத்துக்காட்டினார். 1953-இல் மாரிஸ் என்ற ஆங்கில மருத்துவரும் அவருடைய தோழர்களும் லண்டன் மாடிபஸ் ஊழியர்களை ஆராய்ந்து வெளியிட்ட செய்தி உலகறிந்தது. ஒரே பஸ், ஒரே சாலை. ஓட்டுநர் அமர்ந்திருக்கிறார், டிக்கட் கொடுப்பவர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். இருதய நோய் ஓட்டுநரிடையே மிகுதி. டிக்கட் கொடுப்பவரிடையே குறைவு. கானடா தேசத்தில் 17,013 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளில் ஏறத்தாழ முழுப்பொழுதும் அமர்ந்திருந்தோர், மிகக் குறைவாக அமர்ந்திருந்தோரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மரண அபாயத்திற்கு ஆளாயினர் என்று கண்டனர்.

இதன் சூட்சுமம் யாது? உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளன. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் அவை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. கெண்டைக்கால் சுருங்கி விரியும்போது கீழே தேங்கும் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அமர்ந்துவிட்டால் இவ்வாலைகள் அத்தனையும் கதவடைக்கின்றன. 2012-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் பருத்த உடம்பினர் 19 பேரை வைத்துச் சோதித்தனர். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் மெல்ல நடந்தபோது, உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. இரண்டு நிமிடம்! வருகைப் பதிவேடு கூப்பிடும் நேரங்கூட இல்லை.

“இவையெல்லாம் பெரியவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள், இளம் உடம்பு எதையும் தாங்கும்” என்று சிலர் மறுப்புரைக்கலாம். குழந்தைகளுக்கு இத்தனை மணி நேரத்திற்குமேல் அமர்வது ஆகாது என்று உலக சுகாதார ஸ்தாபனமும் எல்லை கட்டவில்லை என்பது மெய்யே. ஆனால் அதே ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரி நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டுமென்றும், எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் விளையாட்டு வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டுமென்றும், அமரும் நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றும் திட்டமாகக் கூறியிருக்கிறது. மேலும், எலும்பு கெட்டிப்படுவது இளமையில்தான்; பழக்கம் கெட்டிப்படுவதும் இளமையில்தான். முப்பது வயதில் பறிக்கும் கனிக்கு விதை ஏழு வயதில் ஊன்றப்படுகிறது.

அக்கனி எத்தகையதென்று பாருங்கள். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, வளர்ந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு, அதாவது நம்மவர் இனிப்புநீர் என்று சொல்லும் வியாதி, இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேருக்கு மேல். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் அளவுக்கு மீறிய எடையுடையவர். “எம் பிள்ளை ஒல்லி, அவனுக்கு ஆபத்தில்லை” என்று தாய்மார் மகிழ்வதற்கும் இடமில்லை. 2004-இல் புனே நகரத்து மருத்துவர் யாஜ்ணிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடம்பையே அளந்து வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையென்னும் அளவு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் வெள்ளையர் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, இந்தியர் உடம்பில் 21.2 பங்கு. மெலிந்த தோற்றத்தினுள்ளே கொழுப்பு ஒளிந்திருக்கும் உடம்பு நம்முடையது. பிறர் அமர்ந்தால் ஒரு தீங்கு. நாம் அமர்ந்தால் இரு தீங்கு. நாற்காலிக்குத் தலைமைப் பக்தர்களாக நாம் இருக்கலாமோ?

நிற்க. “ஓடி விளையாடினால் படிப்புக் கெடும்” என்பதே இவ்வழிபாட்டின் மூல மந்திரம். அதனையும் உரைத்துப் பார்ப்போம். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் 2010-இல் 50 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. பள்ளியில் உடலசைவுக்கும் படிப்புக்குமுள்ள தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் நன்மையைக் காட்டின. ஏறக்குறைய மற்றவையெல்லாம் நன்மையுமில்லை தீமையுமில்லை என்றன. தீமை காட்டியவை நூற்றுக்கு ஒன்றரை மட்டுமே. பின்லாந்து தேசத்துப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்திற்குப்பின் 15 நிமிட இடைவேளை விடுவது வழக்கம். அந்நாட்டுக் கல்வியைப் பழிப்பார் எவருமில்லை. ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியை எலைன் வைலி 2012-இல் தொடங்கிய ஏற்பாடு இன்னும் எளிது. நாள்தோறும் 15 நிமிடம், போட்டியில்லை, தனி உடையில்லை, கருவியில்லை. பிள்ளைகள் வெளியே சென்று தத்தம் வேகத்தில் ஓடியோ நடந்தோ திரும்ப வேண்டியதுதான். அது பல தேசங்களுக்கும் பரவிற்று.

கண்ணுக்கும் இதில் நன்மையுண்டு. சீனத்தின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், பள்ளியில் நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விடப்பட்ட பிள்ளைகளில் மூன்றாண்டிற்குள் கிட்டப்பார்வை அடைந்தோர் நூற்றுக்கு 30. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 39-க்கு மேல். பகலொளி செய்த மருந்து அது, காசில்லாத மருந்து. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவ்வொளிக்கு என்ன பஞ்சம்? வெயில் கொடிதென்றால் காலைப்பொழுது இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, மழையென்றால் தாழ்வாரம் இருக்கிறது.

சோதனையைக் காட்டி அச்சுறுத்துவோர்க்கும் இனி வாதமில்லை. மலேசியாவில் ஆறாம் வகுப்பு யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021-இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளின் அரையாண்டுச் சோதனைகள் 2023-க்குள் முற்றிலும் எடுபட்டன. சாமி போய்விட்டது, பூசை மட்டும் நடக்கிறது! ஒழிந்த சோதனைக்கு உண்டான டியூஷன் வகுப்புகள் ஒழியாமலிருப்பது யாருடைய நன்மைக்கு? பி.எஸ்.எல்.இ. சோதனை சிங்கப்பூரில் இன்னும் உண்டென்பீராயின், அதனை எழுதப்போவதும் மூளைதானே. அம்மூளைக்கு இரத்தம் அனுப்புவது எந்த உடம்பு?

பெண்மக்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உலகில் 11 முதல் 17 வயதுள்ளோரில் போதிய அளவு உடம்பை அசைக்காதோர், 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆண்களில் நூற்றுக்கு 78, பெண்களில் 85. நம் வீடுகளில் இவ்வேற்றுமைக்கு நாமே உரமிடுகிறோம். பத்து வயது வரை நொண்டியடித்தவள் பருவமெய்தியதும், “இனி என்ன ஆட்டம், அடக்கமாய் உட்கார்” என்று மூலையில் அமர்த்தப்படுகிறாள். அடக்கம் மனத்திலுள்ள குணமா, முழங்காலிலுள்ள பூட்டா? நாளை குடும்பத்தின் இனிப்புநீர் மாத்திரைகளை எண்ணி வைக்கப்போகிறவளும் அவளே, விழுங்கப்போகிறவளும் அவளே.

இச்சீர்திருத்தத்தைத் தவறாகச் செய்வாரும் உளர். பருத்த பிள்ளைகளைப் பிரித்தெடுத்து ஓடவிட்டால் போதுமென்பது அவர் கருத்து. சிங்கப்பூர் 1992 முதல் 2007 வரை இதனைச் செய்துபார்த்தது. டி, ஏ, எஃப் என்ற முதலெழுத்துக்களால் வழங்கப்பட்ட அத்திட்டத்தின் பெயரைத் திருப்பிப் படித்தால் கொழுத்தவன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். பிள்ளைகள் அப்படியே படித்துக் கேலி செய்தனர். முடிவில் அது கைவிடப்பட்டு, எல்லாப் பிள்ளைகளுக்குமான பொதுத்திட்டம் அதன் இடத்திற்கு வந்தது. அசைவைத் தண்டனையாக்கினால் அதன்மேல் வெறுப்பே வளரும். பருத்தவன், மெலிந்தவன், வேகமுள்ளவன், மெல்ல நடப்பவன், சக்கர நாற்காலியில் வருபவன் ஆகிய அனைவருக்கும் அவரவர் ஆற்றலுக்கேற்ற அசைவு வேண்டும்.

இன்னுமொரு ஆட்சேபம் தோட்டத்துப் பெரியவர்களிடமிருந்து வரும். “நாங்கள் ஓய்வின்றி நடந்தோம், சுமந்தோம்; என்ன சுகத்தைக் கண்டோம்?” என்பது. அது நியாயமான கேள்வி. நாம் பழைய கூலி வாழ்க்கையைப் புகழவில்லை. அரைவயிற்றோடு, மலேரியாக் காய்ச்சலோடு, பிறர் ஏவலுக்குச் சுமந்த சுமை தேகப்பயிற்சியாகாது. அது தேகத்தைத் தேய்த்தது. நாம் கேட்பது வேறு. உண்ட பிள்ளை, தன் மகிழ்ச்சிக்காக, தன் வயதொத்தாரோடு, சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் பந்தும் ஆடும் உரிமை. பாட்டனுக்கு மறுக்கப்பட்டது ஓய்வு. பேரனுக்கு மறுக்கப்படுவது விளையாட்டு. இரண்டும் பறிமுதலே.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, தேகப்பயிற்சி வேளையை எக்காரணம் பற்றியும் வேறு பாடத்திற்கு எடுத்தலாகாது. எடுத்தால் ஈடு செய்ய வேண்டும். இரண்டாவது, எந்த வகுப்பிலும் அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடமேனும் பிள்ளைகள் எழுந்து அசைய வேண்டும். வாய்பாட்டை நின்றுகொண்டு ஒப்பித்தால் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது ஐம்பத்தைந்து ஆகிவிடாது. மூன்றாவது, எழுந்து நிற்பதையும் ஓடுவதையும் தண்டனையாகவும், இடைவேளையைப் பறிப்பதைத் தண்டனையாகவும் வைக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். நான்காவது, நாள்தோறும் கால்மணி நேரம் எல்லாப் பிள்ளைகளும், பெண்மக்கள் உட்பட, வெளியே நடக்கவோ ஓடவோ வேண்டும். ஐந்தாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், “எத்தனை ஏ எடுத்தான்?” என்று கேட்கும் வாய், “இந்த வாரம் எத்தனை முறை திடலில் ஓடினான்?” என்றும் கேட்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களைப் பகைப்பது நம் நோக்கமன்று. நாற்பது பிள்ளைகளைக் கட்டியாளும் பாட்டை நாம் அறிவோம். பெற்றோர் கேட்காத ஒன்றை அவர்களாகச் செய்யத் தயங்குவதும் இயல்பே. ஆதலின் பொறுப்பு முதலில் வீட்டைச் சேர்ந்தது. தந்தையே! நீர் ஆபீசிலிருந்து வந்து சாய்வு நாற்காலியில் விழுந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டு, மகனை ஓடு என்றால் அவன் ஓடுவானா? 2016-இல் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்துக் கண்ட முடிவு உமக்கே உரியது. எட்டு மணிக்கு மேல் அமர்ந்து வேலை செய்வோரும் நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிடம் விரைந்து நடந்தால் அவ்விருக்கையால் வரும் மரண அபாயம் நீங்குகிறது என்பதே அது. மாலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்குவீராயின் இருவர் உயிருக்கும் காப்பாகும்.

நம் முன்னோர் நாற்காலி வேண்டுமென்று போராடினர், அது கிடைத்தது. கிடைத்த நாற்காலியில் அமர்வது உரிமை. அதில் அறைந்து வைக்கப்படுவது அடிமைத்தனம். கூலியாய் நிற்கவைத்த காலத்தை எதிர்த்த சமூகம், பொம்மையாய் உட்காரவைக்கும் காலத்தையும் எதிர்க்க வேண்டாமா? பெற்றோரும் ஆசிரியரும் சிந்திப்பார்களாக. சிந்தித்தபின் முதற்காரியமாக எழுந்து நிற்பார்களாக.